சித்தியின் கஃபீல்

நம் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று கேட்டார்கள். சென்ற மாதத்தோடு எனக்கு வேலை முடிந்துவிட்டது. எழுத நேரம் இருக்கிறது. ஆனால் வேலையை எப்படிச் செய்வது என்று நான் எழுதப் போவதில்லை. படகு கட்ட அனுமதி கேட்டால் என்ன பார்ப்பது, ஆமை முட்டையிடும் கரையில் யாரை விடக் கூடாது, வேலியில் ஓட்டை விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் மேனுவலில் இருக்கிறது. நாலு பேர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது என்ன சொல்வது என்பது மட்டும் அதில் இல்லை. நான் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். உங்களுக்குப் பயன்படாவிட்டாலும் சிரிக்கவாவது செய்யலாம்.

நான் தொண்டிக்காரன். மதரஸாவில் ஓதிய அரபியும், கடற்கரையில் பிறந்த உடம்பும்தான் என்னை அரபு நாட்டில் இந்த வேலைக்குக் கொண்டுவந்து சேர்த்தன. சேர்ந்த புதிதில் கரையோர அனுமதிப் பிரிவில் உட்கார வைத்தார்கள். முதல் வேலையே ஒரு கம்பெனியின் மனு. சின்னத் தீவு ஒன்றில் சாமான் இறக்கிவைக்க ஒரு கொட்டகை போட வேண்டுமாம். வரைபடம் இருந்தது, படம் இருந்தது, மேலதிகாரியின் பரிந்துரையும் இருந்தது. நான் நேரில் பார்க்க வேண்டும் என்றேன். அந்தக் கம்பெனிக்காக அரசு அலுவலகங்களுக்கு அலையும் பி.ஆர்.ஓ., மலப்புறத்துக்காரர், சலித்துக்கொண்டே படகில் கூட்டிப்போனார். வெகுதூரம் போய்ப் படகை நிறுத்தினார். சுற்றிலும் தண்ணீர்.

"எங்கே தீவு?" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "உச்சைக்கு மேல் வரும் சாரே" என்றார்.

மதியத்துக்கு மேல் வரப்போகும் அந்தத் தீவுக்காக நாங்கள் படகிலேயே உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டபடி காத்திருந்தோம். கடல் வற்றியதும் அதுவும் வந்தது. ஒரு கபடி ஆடும் அளவுக்கு இடம்; கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்விட்டது. நான் அனுமதி மறுத்தேன். நேரில் போய்ப் பாருங்கள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தங்கள் பக்கம் முழு நியாயமும் இருப்பதாக நம்பும் மனிதர்களோடுதான் நீங்கள் காலம் தள்ளப் போகிறீர்கள் என்பதற்காகவும் சொல்கிறேன்.

இனி சுப்பையாவின் கதைக்கு வருகிறேன்.

சில வருடங்கள் கழித்து என்னை ருவைஸ் நகரத்துக்கு மேற்கே இருக்கும் ஒரு பாதுகாக்கப்பட்ட தீவுக்கு மாற்றினார்கள். கொஞ்சம் மான்கள், நிறைய முயல்கள், ஹுபாராப் பறவைகள். ஹுபாரா நம்மூர்க் கானமயிலுக்குத் தம்பி முறை. மண் நிறம், நீண்ட கழுத்து, பறப்பதைவிட நடப்பதில்தான் விருப்பம். வல்லூறை விட்டு ஹுபாராவைப் பிடிப்பது இங்குள்ளவர்களுக்குப் பாட்டன் காலத்து விளையாட்டு. விளையாடி விளையாடிப் பறவை அருகிப்போனதால், பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்து, தீவில் விட்டு வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் ஒருநாள், எழுத்துப்பூர்வ அனுமதி பெற்ற விருந்தாளி வல்லூறோடு வருவார். துப்பாக்கி கூடாது. எல்லாம் முறையாக நடந்ததா, பிடி செல்லுமா செல்லாதா என்று தீர்ப்புச் சொல்ல ஓர் அதிகாரி கூடவே நிற்க வேண்டும். அந்த அதிகாரி நான்.

வளர்த்துக் காப்பாற்றிய பறவையைப் பிடிக்கவும் விடுவதா என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டேன். வேட்டைக்கு வருகிறவர்கள் தரும் ஆதரவால்தான் மற்றப் பறவைகள் பிழைத்திருக்கின்றன என்றார்கள். அதை யோசிக்க ஆரம்பித்தால் தலை சுற்றும். நான் யோசிக்காமல் வேலி பார்க்கப் போய்விடுவேன்.

பறவைகளுக்குத் தீவனம் வைக்கும் வேலை சுப்பையாவுக்கு. சிவகங்கைப் பக்கத்து ஆள். எங்கள் அலுவலக ஆள் இல்லை, ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றின் விசாவில் வந்தவன். அதற்கு முன் முவைலா தொழிலாளர் கேம்ப்பில் தங்கிக் கட்டட வேலை பார்த்தான். உயரம் என்றால் அவனுக்கு ஆகாது. சாரத்தில் ஏறிய ஒருநாள் கை பிடியை விடாமல் இறுகிப்போய், இரண்டு பேர் ஏறி விரல் விரலாகப் பிரித்துத்தான் இறக்கினார்களாம். "கீழ பாக்காதடான்னாங்க பாய். மேல பாத்தேன். அது அதவிட மோசமா இருந்துச்சு" என்பான். தரையில் வேலை என்று தீவு அவனுக்குக் கிடைத்தது பெரிய யோகம். இங்கிருந்து அனுப்பினால் மறுபடி அதே சாரம்தான். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தீவனம் வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. பறவை கண்ணில் படாமல் போக வேண்டும், கொட்ட வேண்டும், சத்தமில்லாமல் வந்துவிட வேண்டும். மனிதனைப் பார்த்தால் பறவை பயந்து பறக்க வேண்டும், பழகிவிடக் கூடாது. இதை சுப்பையாவுக்கு இந்தியில் விளக்கினார்கள். அவனும் "அச்சா, அச்சா" என்று தலையாட்டினான். அவனுக்கு இந்தி தெரியாது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

விருந்தாளி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, அவருடைய வல்லூறுக்காரர் பறவைகளைப் பார்க்க வந்தார். எங்கள் மேனேஜர் ஆஸ்திரேலியாக்காரர். எந்நேரமும் அகலத் தொப்பி போட்டிருப்பார். அவரும் நானும் வல்லூறுக்காரரோடு வண்டியில் போனோம். குல் கான் ஓட்டினான்; பெஷாவர் பட்டான். வண்டி நின்றதும் புதர்களுக்குப் பின்னாலிருந்து ஹுபாராக்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. பிறகு வரிசையாக எங்களை நோக்கி நடந்து வந்தன. வல்லூறுக்காரர் இறங்கி நின்றார். ஒன்று அவருடைய செருப்பைக் கொத்தியது. இன்னொன்று வண்டியின் அடியில் நிழலுக்குப் போய் உட்கார்ந்தது.

வல்லூறுக்காரர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பெரியவர் இதைப் பார்த்தால் அழுதுவிடுவார். அவரை வேட்டைக்கா கூப்பிட்டீர்கள், கோழிப் பண்ணைக்கா?" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் சுப்பையா வாளியோடு வந்தான். எங்களைக் கவனிக்கவில்லை. வாளியைத் தட்டி, "பா... பா... பா..." என்று ஊரில் கோழியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டான். பறவைகள் எங்களை அப்படியே விட்டுவிட்டு அவனிடம் ஓடின. கடைசியாக வண்டிக்கு அடியில் கிடந்ததும் எழுந்து, முனகிக்கொண்டே போனது.

அன்று மாலை அவனைக் கூப்பிட்டு, "ஏன்டா கூப்பிட்டே? கூப்பிடக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?" என்றேன்.

அவனுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "சாப்பாட்ட வச்சுட்டு ஒரு வார்த்த சொல்லாம எப்படிப் பாய் போறது? மனுசனே வாங்கன்னு கூப்புட்டாத்தான சாப்புட ஒக்காருவான். அதுகளும் மானம் ரோசம் உள்ளதுகதான" என்றான். ஒவ்வொன்றுக்கும் பெயர் வேறு வைத்திருந்தான். இறக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கும் பெரிய ஆண் பறவை வாத்தியார். எப்போதும் கடைசியாக வந்து, வந்ததும் குறை சொல்வதுபோல முனகும் பறவைக்குச் சித்தி என்று பெயர். அவனுடைய சொந்தச் சித்தி அப்படித்தானாம்.

மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். விருந்தாளி முகம் சுளித்தால் அவருடைய வேலையும் போய்விடும் என்று நினைத்தார். "பெரியவர் வரும் நாளில் இந்தப் பறவைகள் பறக்க வேண்டும். அவை பறக்காவிட்டால் மறுநாளே இவன் முவைலாவுக்குத் திரும்பிப் போவான். மொழிபெயர்த்துச் சொல்" என்றார். நான் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. முவைலா என்ற சொல் காதில் விழுந்ததுமே சுப்பையாவின் கை பக்கத்திலிருந்த நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டது.

அடுத்த நாள் மேனேஜர் பறவைகளுக்குப் பயம் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்றைச் சுவரில் ஒட்டினார். கற்றுக்கொடுக்க வேண்டியது யார்? பறவைகள் யாரிடம் பழகியிருக்கின்றனவோ அவனேதான் விரட்ட வேண்டுமாம். அப்போதுதான் நன்றாக மனதில் பதியுமாம்.

"பயத்தையெல்லாமா பாய் சொல்லிக் குடுக்குறது? எல்லாத்தையும் ஆறாவது மாடிக்கு ஏத்தி விடச் சொல்லுங்க, தானா வந்துரும்" என்றான் சுப்பையா. ஆனாலும் செய்தான். அவனுக்கு வேறு வழி இல்லை.

முதல் நாள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினான். தட்டினால் சாப்பாடு என்றல்லவா பறவைகளுக்குப் பழக்கம்? எல்லாம் ஓடிவந்தன. அடுத்த நாள் சிவப்புத் துணியை வீசினோம். வந்து துணியைக் கொத்திப் பார்த்தன. குல் கான் ஹாரனை விடாமல் அடித்தான். மான்கள் ஓடின, முயல்கள் ஓடின, ஹுபாராக்கள் மட்டும் நின்று கேட்டன. "அரே பாய், இதுங்களுக்குக் காது கேக்காது" என்றான் குல் கான். அவனுக்குத் தமிழ் நன்றாகவே வரும். ஐந்து வருடம் நம் ஆட்களோடு ஒரே ரூமில் இருந்தவன்.

பிறகு மேனேஜருக்கு ஒரு யோசனை தோன்றியது. வரப்போகும் விருந்தாளிகள் கணுக்கால்வரை நீண்ட வெள்ளைக் கந்தூரா அணிந்து வருவார்கள் அல்லவா? ஆகவே வெள்ளைக் கந்தூராவைக் கண்டால் பறவை அஞ்ச வேண்டும். தீவில் கந்தூரா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான், ஜும்ஆத் தொழுகைக்காக. அதைச் சுப்பையாவுக்குப் போட்டுவிட்டோம். அவன் என்னைவிட ஒரு சாண் குட்டை. குரல் கேட்டால் கண்டுபிடித்துவிடும் என்று வாயைத் திறக்கக் கூடாது என உத்தரவு. மேனேஜர் தொலைவிலிருந்து பைனாகுலரில் பார்த்தார்.

சுப்பையா மௌனமாக, கைகளை விரித்துக்கொண்டு ஓடினான். தடுக்காமல் இருக்கக் கந்தூராவைத் தூக்கிப் பிடித்தான். காற்றில் அது மேலேறித் தலையை மூடிக்கொண்டது. ஒன்றும் தெரியாமல் வட்டம் வட்டமாக ஓடினான். ஹுபாரா ஆண் பறவை ஜோடி தேடும்போது என்ன செய்யும் என்று நீங்கள் மேனுவலில் படித்திருப்பீர்கள். கழுத்தின் வெள்ளை இறகுகளைச் சிலிர்த்துத் தலையை மூடிக்கொண்டு, கண் தெரியாமல் வட்டமாக ஓடும். அவ்வளவு பெரிய வெள்ளை ஆணை வாத்தியார் தன் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். தன் இறகையும் சிலிர்த்துக்கொண்டு களத்தில் இறங்கிவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வெகுநேரம் வட்டமடித்தார்கள். மற்றப் பறவைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன. மேனேஜர் பைனாகுலரை இறக்கினார்.

"அவன் என்ன செய்கிறான்?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்கள் சொன்னதைத்தான் சார்" என்றேன்.

கடைசியில் பயம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. மேனேஜர் கோபமாக நடந்து போகையில் காற்றில் அவருடைய தொப்பி கழன்று, மணலில் உருண்டு பறவைகளின் நடுவே போனது. அத்தனை பறவையும் ஒரே சமயத்தில் எழும்பிப் பறந்தன. எல்லோரும் அப்படியே நின்றோம். தொப்பியை எடுத்து மறுபடி வீசினோம். மறுபடி பறந்தன. சுவரில் ஒட்டிய திட்டத்தில் மேனேஜர் தன் கையாலேயே எழுதினார்: விருந்தாளி வந்ததும் குல் கான் தொப்பியை எறிய வேண்டும்.

நாள் வந்தது. காலையில் பனி விலகியதும் படகுகள் வந்தன. பெரியவர் வயதானவர், மெதுவாக நடப்பவர், மெதுவாகப் பேசுபவர். எல்லோருக்கும் ஸலாம் சொன்னார். சமையல்காரர்வரை பெயர் கேட்டார். அவர் கையில் வல்லூறு கண்மூடி போட்டு உட்கார்ந்திருந்தது. சுப்பையாவை யாரும் பார்க்கக் கூடாது என்று தூரத்தில் தண்ணீர் டேங்கருக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார் மேனேஜர். வாயைத் திறந்தால் அன்றோடு சரி என்றும் சொல்லியிருந்தார்.

வண்டிகள் போய் நின்றன. மேனேஜர் வெறுந்தலையோடு எனக்கு ஜாடை காட்டினார். நான் குல் கானுக்கு ஜாடை காட்டினேன். தொப்பி பறந்தது. பெரியவர் அதைப் பார்த்தார், மேனேஜரின் தலையையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மற்றவை எல்லாம் எழும்பிப் போன பிறகு, புதரிலிருந்து கடைசியாக, தாமதமாக ஒரு பறவை எழும்பியது. அது சித்தி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு எது கடைசியாக எழும்பும்?

பெரியவர் கண்மூடியைக் கழற்றி வல்லூறை விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு அழகான பறத்தலை நான் பார்த்ததில்லை. வாளித் தீவனம் தின்று வளர்ந்த அந்தப் பறவை உயரே போனது, திரும்பியது, வல்லூறு நெருங்கும்போதெல்லாம் சரேலென்று ஒதுங்கியது. பெரியவர் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எனக்கு யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை. பிறகு சித்தி நேராகக் கீழே இறங்கியது. டேங்கரை நோக்கி.

நாங்கள் வண்டியில் போய்ச் சேர்ந்தபோது வல்லூறு டேங்கரின் மேல் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தது. சுப்பையா கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அவனுடைய இரண்டு பூட்ஸுக்கும் நடுவில் சித்தி ஒடுங்கிக் கிடந்தது.

"கூப்பிட்டான்! இவன்தான் கூப்பிட்டான்!" என்று மேனேஜர் என் காதில் சீறினார். "நகரச் சொல் அவனை."

கூப்பிட்டானா? காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் நான் அவனைக் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்டதில்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே: பதில் தெரிந்துவிட்டால் கட்டாயம் நடவடிக்கை எடுத்தாக வேண்டிய கேள்வி என்று சில உண்டு. அவசரப்பட்டுக் கேட்டுவிடாதீர்கள்.

"சுப்பையா, கொஞ்சம் தள்ளி நில்லு" என்று மட்டும் சொன்னேன்.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "மாட்டேன் பாய்."

"முவைலாவுக்கு அனுப்பிருவாங்கடா."

"தெரியும் பாய். நான் ஏறிக்கிறேன் சாரத்துல. இது என்னைய நம்பி வந்துருச்சு. எப்படிப் பாய் நகர்றது?"

பெரியவர் இறங்கி வந்துவிட்டார். வல்லூறுக்காரர், மேனேஜர், குல் கான் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என்ன சொல்கிறான்?" என்று பெரியவர் கேட்டார். அதோடு, "பிடி செல்லுமா?" என்றும் கேட்டார். அதைச் சொல்ல வேண்டியது நான்தானே.

வேலையாள் உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுக்கிறான் என்று சொல்லலாம். அது உண்மை. வல்லூறு பறவையைத் தொடவில்லை, ஆகவே பிடி செல்லாது என்று விதியைச் சொல்லலாம். அதுவும் உண்மைதான்; ஆனால் பறவை தப்பும், சுப்பையா மாட்டுவான். எனக்கு எங்கள் படகோட்டி ஒருவர் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. பாலைவனத்தில் துரத்தப்பட்டவன் ஓடிவந்து ஒருவனுடைய கூடாரத்தில் புகுந்துவிட்டால், அவன் யாராக இருந்தாலும் அடைக்கலம். துரத்தி வந்தவன் கூடாரக் கயிற்றுக்கு வெளியே நின்றுவிட வேண்டும். அப்படி அடைக்கலம் வந்தவனை அவர்கள் தகீல் என்பார்கள்.

"பறவை தனக்குத் தகீலாக வந்துவிட்டது, விட்டுக்கொடுக்க முடியாது என்கிறான்" என்றேன்.

பெரியவர் சுப்பையாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இவனுடைய கூடாரம் எங்கே?"

அங்கே கூடாரம் ஏது? டேங்கரின் ஏணியிலிருந்து ஒரு கம்பிக்கு நைலான் கயிறு கட்டி, சுப்பையா தன் கட்டம் போட்ட லுங்கியைக் காயப்போட்டிருந்தான். விருந்தாளி வருவதற்குள் எடு என்று மேனேஜர் இரண்டு தடவை சொல்லியும் எடுக்கவில்லை. பெரியவர் அந்தக் கயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். கயிற்றுக்கு வெளியே ஓர் அடி பின்னால் வைத்துக்கொண்டார்.

"கயிறு இருக்கிறது" என்றார்.

வல்லூறுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் கையை உயர்த்தினார். "பறவையின் பெயர் என்ன?"

நான் சொன்னேன். சித்தி என்றால் என்ன என்று கேட்டார். தாயின் தங்கை என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார். "தாயின் தங்கையைப் பிடிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கலாஸ், முடிந்தது. இன்றிலிருந்து இந்தப் பறவைக்கு இவன்தான் கஃபீல். இவன் இல்லாத தீவில் இது இருக்காது, இது இருக்கும் தீவில் இவன் இருப்பான்." சுப்பையாவிடம் அனுமதி கேட்டுவிட்டுக் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தார். லுங்கிக்குக் கீழே பாய் விரித்துக் கஹ்வா காப்பி பரிமாறினார்கள். மேனேஜரும் குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது.

கஃபீல் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒருவர் உண்டு. அவர் கையெழுத்துப் போட்டால் இருக்கலாம், இல்லாவிட்டால் போகலாம். சுப்பையாவின் கஃபீல் முவைலாவில் இருக்கும் கம்பெனி. அவனுடைய பாஸ்போர்ட்டே அவர்களிடம்தான். அப்படிப்பட்டவன் ஒரு பறவைக்குக் கஃபீல் ஆகிவிட்டான். அன்று ராத்திரி சாப்பிடும்போது, "பாய், நான் இப்ப என்ன பண்ணணும்? அதோட பாஸ்போட்ட வாங்கி வச்சுக்கணுமா?" என்று கேட்டான். குல் கானுக்குப் புரையேறிவிட்டது.

பெரியவருடைய செயலாளர் மாதம் ஒருமுறை போன் செய்து விசாரித்தார். பறவை எப்படி இருக்கிறது, கஃபீல் எப்படி இருக்கிறார் என்று இரண்டு கேள்வி. இரண்டு பேரும் சுகம் என்று நான் சொல்வேன். மேனேஜரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் அவர் மறக்கவும் இல்லை.

அடுத்த வருடம் வெயில் ஏறத் தொடங்கிய சமயம். ஒருநாள் காலையில் சுப்பையா வாளியோடு போனான்; வாத்தியார் வந்தார், மற்றவை வந்தன, சித்தி வரவில்லை. மாலையிலும் இல்லை. நாங்கள் தீவு முழுக்கத் தேடினோம். இறகும் இல்லை, எலும்பும் இல்லை. அந்தப் பருவத்தில் ஹுபாராக்கள் வடக்கே போவது உண்டு. பண்ணையில் பொரித்தவற்றுக்கும் சில சமயம் அந்த ஆசை வந்துவிடும்.

மேனேஜருக்கு விஷயம் போனது. "பறவை இல்லை. ஆகவே பாதுகாவலனும் தேவையில்லை" என்றார். கம்பெனிக்கும் சொல்லிவிட்டார். மறுநாள் தீவின் படகுத்துறைக்கு எதிர்க்கரையில் முவைலா வேன் வந்து நின்றது. சுப்பையா பெட்டியைக் கட்டிவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றான். லுங்கிக் கயிற்றையும் அவிழ்த்துச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் போன் அடித்தது. செயலாளர். மேனேஜர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "உண்மையைச் சொல். ஓடிப்போய்விட்டது என்று சொல்" என்றார்.

நான் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு சுப்பையாவைப் பார்த்தேன். "கேக்குறாங்கடா. கஃபீல் நீ. ஓடிப்போச்சுன்னு சொல்லிரவா? நம்ம ஆளுக ஓடிப்போனா கஃபீல் என்ன பண்ணுவாருன்னு தெரியும்ல?"

அவனுக்கு நன்றாகவே தெரியும். கேம்ப்பில் அவன் பக்கத்துக் கட்டில்காரன் அப்படிப் போனவன்தான். கஃபீல் போலீஸில் எழுதிக் கொடுத்தார், பிடித்துக்கொண்டு போனார்கள். சுப்பையா கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அதெல்லாம் எழுதிக் குடுக்க மாட்டேன் பாய்" என்றான். "எங்கிட்ட வந்தப்பலருந்து அது எங்கயும் போகல. அதுக்கும் சொந்தபந்தம் இருக்கும்ல? லீவுல போயிருக்குன்னு சொல்லுங்க. நான்தான் அனுப்புனேன்னு சொல்லுங்க."

நான் அப்படியே சொன்னேன். "பறவை லீவில் போயிருக்கிறது. கஃபீல் அனுமதி கொடுத்திருக்கிறார்."

கொஞ்சம் இருங்கள் என்றார் செயலாளர். அவர் எழுந்து நடப்பதும், கதவு திறப்பதும், தூரத்தில் யாரோ பேசுவதும் கேட்டன. மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். சுப்பையாவின் உதடு அசைந்தது; எந்தச் சாமியைக் கூப்பிட்டான் என்று தெரியவில்லை. நானும் எனக்குத் தெரிந்ததை ஓதினேன்.

செயலாளர் திரும்பி வந்தார். "எப்போது திரும்பும் என்று பெரியவர் கேட்கிறார்."

சுப்பையாவிடம் கேட்டேன். "அத எப்படிப் பாய் நாம கேக்குறது? வர்றப்ப வரட்டும்" என்றான். அதையும் சொன்னேன். மறுபடி நடை, கதவு, குரல். இந்தத் தடவை தூரத்தில் யாரோ சிரிப்பது கேட்டது. எனக்கு அடையாளம் தெரிந்த சிரிப்பு.

"பெரியவர் சொல்கிறார்: நல்ல கஃபீல். ஆனால் லீவில் போனது திரும்பி வரும்போது கஃபீல் இடத்தில் இருக்க வேண்டும். அது வந்து தேடும்படி வைக்கக் கூடாது. மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள்."

நான் மேனேஜரிடம் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். வேன் காலியாக முவைலாவுக்குத் திரும்பியது. சுப்பையா என் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான், அழுதான். எனக்கும் கண் கலங்கியது என்பதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருக்கிறவனுக்கு நான் கற்ற பாடம் என்று ஏதாவது உண்டென்றால் இவ்வளவுதான். பொய் சொல்லாதீர்கள், ஒருநாள் மாட்டிவிடும். ஆனால் உண்மையை யார் வாயால் சொல்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. மேனேஜரின் உண்மையும் சுப்பையாவின் உண்மையும் ஒரே பறவையைப் பற்றியவைதான். ஒன்று ஆளைச் சாரத்தில் ஏற்றும், மற்றது தரையில் நிற்க விடும்.

சித்தி திரும்பி வரவே இல்லை. ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில், சுப்பையா தீவில் எதற்காகத் தேவை என்று அலுவலகம் கேட்கும். பறவை லீவில் இருக்கிறது, கஃபீல் காத்திருக்கிறார், லீவு நீட்டிக்கப்படுகிறது என்று நான் எழுதி அனுப்புவேன். மேனேஜர்கள் மாறினார்கள், பெரியவரும் காலமாகிவிட்டார். போன் வருவது நின்றுபோனது. ஆனால் அந்த வார்த்தையை ரத்து செய்யும் தைரியம் யாருக்கும் வரவில்லை.

இப்போது என் மேசையில் உங்களில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சுப்பையா இன்னும் தீவில்தான் இருக்கிறான். அவனுக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. அடுத்த மாதம் சித்தியின் லீவு முடிகிறது. நீட்டித்துக் கொடுத்துவிடுங்கள்.